உருப்படிக் கூலியும் வரிசைச் சமநிலையும்: குளுவாங் தையல் தொழிற்சாலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரில் இயங்கும் ஒரு நடுத்தரத் தையல் தொழிற்சாலையின் போலோ சட்டை வரிசையே இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பத்து பகாட் இங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்த ஆலைக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி அங்கிருந்து பிரிந்து வருபவை. பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்குமான காலர் வைத்த சட்டைகள், ஒவ்வோர் ஆர்டரும் ஆயிரத்துச் சொச்சம் உருப்படிகள். வரிசையில் தைப்பவர்கள் 28 பேர். அவர்களில் பெரும்பாலோர் ரெங்கம், நியோர், பாலோ ஆகிய பக்கங்களிலுள்ள தோட்டங்களிலிருந்து ஆலைப் பேருந்தில் வரும் பெண்கள். மற்றவர்கள் நேப்பாளத்திலிருந்து வந்து ஆலையை ஒட்டிய விடுதியில் தங்கியிருப்பவர்கள். தொழிற்சாலையின் அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு இங்கு வரும் ஆலை எண்கள் தோராயமாக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையிலான விகிதங்கள் பெரிதும் மாறவில்லை.

நிர்வாகம் முன்வைத்த கேள்வி எளிமையானது. திட்டப் பிரிவு நாளொன்றுக்கு 800 சட்டை என்று கணக்கிட்டு ஆர்டரை ஏற்றுக்கொள்கிறது; வரிசையோ 560க்கு மேல் தருவதில்லை. மிகைநேர வேலை வைத்துத்தான் ஏற்றுமதித் தேதியை எட்ட முடிகிறது, மிகைநேரத்துக்கோ சட்டப்படி ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். 2023 ஜனவரி முதல் வாராந்தர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டதாலும், 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்ததாலும், முன்பு கண்டும் காணாமல் விட்ட இந்த 240 சட்டை இடைவெளியை இனி அப்படி விட முடியாத நிலை வந்தது. வேகமாகத் தைக்கும் ஆள் போதவில்லை என்பது நிர்வாகத்தின் எண்ணம். வரிசையில் ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது: ஆள்கள் வேகமாகத்தான் தைத்தார்கள், சிலர் தேவைக்கு மேலும் வேகமாக.

தாளில் இருந்த கணக்கு

ஒரு நாளின் நிகர வேலை நேரம் 480 நிமிடம். 800 சட்டை வேண்டுமென்றால் 36 வினாடிக்கு ஒரு சட்டை வரிசையின் கடைசியில் இறங்க வேண்டும்; இதைத்தான் தாக்ட் நேரம் என்கிறோம். சட்டையின் எல்லா வேலைகளுக்குமான நிர்ணய நேரத்தைக் கூட்டினால் 14.4 நிமிடம், அதாவது 864 வினாடி வருகிறது. 864ஐ 36ஆல் வகுத்தால் 24. ஆகவே 24 பேர் இருந்தாலே போதும், நம்மிடம் 28 பேர் இருக்கிறார்கள், 800 எளிதில் வரும் என்று திட்டப் பிரிவு முடிவு செய்திருந்தது. இந்தக் கணக்கில் கூட்டல் பிழையோ வகுத்தல் பிழையோ இல்லை.

நிர்ணய நேரம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்துகடிகாரத்தால் ஒவ்வொரு வேலையையும் பல சுற்றுகள் அளந்து, தைப்பவரின் வேகத்தை மதிப்பிட்டுத் திருத்தி, அதன் மேல் களைப்பு, நூல் அறுதல், பாபின் மாற்றுதல் போன்றவற்றுக்கு 15 விழுக்காடு சலுகை சேர்த்திருந்தார்கள். எடுத்துக்காட்டாக, பிளாக்கெட் எனப்படும் முன்பட்டியின் அடிப்பெட்டியைத் தைத்து முடிக்கும் வேலைக்குத் திருத்திய நேரம் 68 வினாடி. சலுகை சேர்த்தால் 78. கடிகாரத்தைக் கண்டதும் கை தானாகவே மெதுவாகும் என்பது எல்லாத் தையல் ஆலைகளுக்கும் தெரிந்த விஷயம். ஆகவே வேக மதிப்பீடு என்பது பாதி அளவை, பாதி அனுமானம். ஆயினும் மறுபடி அளந்து பார்த்தபோது பெரிய வேறுபாடு எதுவும் தென்படவில்லை.

அடிப்பெட்டி வேலைக்கு இருவர் இருந்தார்கள். 78 வினாடியை இரண்டால் வகுத்தால் 39. தாக்ட் நேரமான 36ஐவிட அதிகமாக இருந்த ஒரே இடம் இதுதான். வேலை ஆள்களிடையே எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கிறது என்பதைக் காட்டும் சமநிலைத் திறனை 864ஐ 28 பெருக்கல் 39ஆல் வகுத்துக் காண்கிறோம்: 79 விழுக்காடு. தையல் ஆலையில் இது மோசமான எண் அன்று. ஆனால் நாளொன்றுக்கு 560 சட்டை என்ற உண்மையான உற்பத்தியை 14.4ஆல் பெருக்கி, 28 பேரின் 480 நிமிடங்களால் வகுத்தால் கிடைப்பது 60 விழுக்காடு. தாளுக்கும் தரைக்கும் இடையே விழுந்த அந்த 19 விழுக்காடு எங்கே போயிற்று என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி ஆயிற்று.

வரிசைச் சமநிலையைக் கணித வடிவில் முதலில் எழுதியவராகக் கருதப்படும் சால்வெசனின் கட்டுரை 1955இல் வந்தது. ஹெல்கெசன், பர்னி இருவரும் 1961இல் தந்த, வேலைகளை முன்னுரிமைப்படி ஆள்களுக்குப் பிரிக்கும் நிலை எடை முறை இன்றும் பல ஆலைகளின் விரிதாள்களில் வேறு பெயர்களில் உலவுகிறது. ஒரு வேலைக்கு ஒரு நேரம் என்பது இந்த அடிப்படை முறைகளின் எடுகோள். அந்த வேலையைச் செய்பவர் யார் என்ற கேள்வி அங்கு எழுவதில்லை. மோட்டார் வண்டிக்குப் போல்ட் முடுக்கும் இடத்தில் அந்த எடுகோள் ஓரளவு பொருந்தலாம். கையோடு துணி இழுபடும் இடத்தில் பொருந்தாது.

முன்பட்டியின் மூலை

போலோ சட்டையின் துணி பின்னல் துணி, இழுத்தால் நீளும். முன்பட்டிக்காக நெஞ்சுப் பகுதியை நேராக வெட்டி, வெட்டின் அடியில் இரு மூலைகளுக்கும் சாய்வாகக் கத்தரிக்க வேண்டும். கத்தரி தையலைத் தாண்டி ஒரு நூலிழை போனால் மூலையில் ஓட்டை விழும்; தையலுக்கு முன்பே நின்றுவிட்டால் மூலை சுருங்கி முண்டாக நிற்கும். அதன்பின் பட்டியின் அடியில் சதுரமாக ஒரு பெட்டித் தையல் போட வேண்டும். அதற்கு ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்தபடி, துணியை அழுத்திப் பிடிக்கும் மிதிகாலைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி மிதிகாலை இறக்க வேண்டும். இப்படி நான்கு திருப்பங்கள்.

இரண்டு பேரில் ஒருவர் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்பவர். கண்ணை எடுக்காமல் திருப்புவார், 78 வினாடியில் முடிப்பார். மற்றவர் சில மாதங்களுக்கு முன் சேர்ந்தவர். ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தி, பெட்டிக்கு அவரே போட்ட பென்சில் குறியைக் குனிந்து பார்த்து, சில வேளை தையலைப் பிரித்து மறுபடி போடுவார். அவருடைய திறன் 60 விழுக்காட்டளவில் இருந்தது, ஒரு சட்டைக்கு 130 வினாடி. மூத்தவர் மணிக்கு 46, இளையவர் மணிக்கு 28. இருவரும் சேர்ந்து 74. எட்டு மணி நேரத்துக்கு 590. இயந்திரம் நிற்பது, நூல் மாற்றுவது எனக் கழித்தால் 560தான் மிஞ்சும். வரிசையில் மற்ற 26 பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் 560க்கு மேல் ஒரு சட்டைகூட இறங்க முடியாது. இது கண்டுபிடிப்பதற்கு அரிய உண்மை அன்று. அந்த இருவரின் இயந்திரங்களுக்கு முன் குவிந்திருந்த பண்டில்களே, அதாவது உருப்படிக் கட்டுகளே, காட்டிக்கொடுத்தன. அந்தக் குவியல் ஏன் யாரையும் உறுத்தவில்லை என்பதுதான் வியப்பு.

கூலி முறை செய்த வேலை

உறுத்தாததற்குக் காரணம் கூலி முறை. அடிப்படை ஊதியத்துக்கு மேல் ஒவ்வொருவரும் தாம் தைத்த உருப்படிக்கு ஏற்ப ஊக்கத்தொகை பெற்றார்கள். குறைந்தபட்ச ஊதியம் உருப்படிக் கூலிக்காரருக்கும் பொருந்துமாதலால், அது 1,700 ஆனபிறகு மெதுவாகத் தைப்பவர்களுக்கு ஊக்கத்தொகையில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை; ஆலை இட்டு நிரப்பும் தொகைதான் கூடிற்று. வேகமாகத் தைப்பவர்களுக்கோ ஊக்கத்தொகை நல்ல வருமானம். தோள் இணைப்பு 24 வினாடி வேலை. அதைச் செய்த அம்மையார் மணிக்கு 120க்கு மேல் ஓட்டிவிடுவார். வரிசை கேட்பது 70தான். மிஞ்சிய தோள்கள் அனைத்தும் பண்டிலாகக் கட்டப்பட்டு நடுவழியில் கிடந்தன. அவருடைய பண்டில் சீட்டுகள் சரியாகவே இருந்தன, ஊக்கத்தொகையும் முறையாகவே கிடைத்தது. அவர் மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எதற்குக் கூலி தரப்பட்டதோ அதைச் செய்தார்.

இங்குள்ள பலருக்கும் இந்தக் கூலி முறை இயல்பானதாகத் தோன்றியதற்கு ஊரின் வரலாறும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தாயோ பாட்டியோ ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். மரம் வெட்டுபவருக்குத் தனி நிரை, பால் ஏந்தத் தனி மங்கு. கொட்டகையில் பாலை நிறுத்தால் அவரவர் எடை அவரவருக்கு. அடுத்த நிரைக்காரர் தாமதமானால் நம் வாளியில் ஒரு சொட்டும் குறையாது. தையல் வரிசையில் அப்படியில்லை. முன்னால் இருப்பவர் தந்தால்தான் பின்னால் இருப்பவர் தைக்க முடியும். பின்னால் அடைப்பு இருந்தால் முன்னால் தைத்தது பணமாகாது. நிரைக்குப் பொருந்திய கூலியை வரிசைக்கும் வைத்தது நிர்வாகம்தான், தொழிலாளர்கள் அல்லர்.

குவியலின் விலை இடத்தோடு முடியவில்லை. எண்ணிப் பார்த்த நாளில் வரிசைக்குள் ஏறத்தாழ 1,400 உருப்படிகள் அரைகுறையாக இருந்தன. லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய விதிப்படி, உள்ளே இருக்கும் எண்ணிக்கையை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் ஓர் உருப்படி உள்ளே தங்கும் நேரம் கிடைக்கும்: 1,400ஐ மணிக்கு 70ஆல் வகுத்தால் 20 மணி, அதாவது இரண்டரை வேலை நாள். திங்கள் காலை வெட்டுப் பிரிவிலிருந்து வந்த துணி புதன் நண்பகல் வாக்கில்தான் கடைசிச் சோதனை மேசைக்குப் போகும். ஒருமுறை காலர் கட்டில் வேறு சாயத் தொகுதி கலந்துவிட்டது சோதனை மேசையில்தான் தெரிந்தது. அதற்குள் காலர் வைத்த நிலையில் பல நூறு சட்டைகள் பின்னால் வரிசை கட்டியிருந்தன. பிரித்துத் தைக்கும் வேலைக்கு வரிசையின் நல்ல ஆள்களே போக வேண்டியதாயிற்று.

செய்த மாற்றங்கள்

முதல் மாற்றம் முன்பட்டியில். 78 வினாடியில் பெட்டிக்குப் பென்சிலால் குறி போடுவதும் முனை நூலைக் கத்தரிப்பதும் சேர்ந்து 14 வினாடி எடுத்தன. குறி போடுதல் பெட்டித் தையலுக்கு முன் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். நூலைக் கத்தரிப்பது அதற்குப் பின் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். முன்பட்டிக்கு வரும் உருப்படியும் அங்கிருந்து போகும் உருப்படியும் கைக்கெட்டும் தூரத்தில் லேபிள் தைப்பவர் அமர்ந்திருந்தார். அவருக்கு 20 வினாடி வேலைதான். தடித்த அட்டையில் பெட்டியின் அளவுக்குத் துளை வெட்டிய ஓர் அச்சை அவரிடம் கொடுத்து, அந்த 14 வினாடியும் அவரிடம் மாற்றப்பட்டது. அவருடைய வேலை 34 வினாடி ஆயிற்று, தாக்ட் நேரத்துக்குள் அடங்கியது. அடிப்பெட்டி வேலை 64 வினாடியாகச் சுருங்கியது. அச்சின் குறி எப்போதும் ஒரே இடத்தில் விழுந்ததால் இளையவர் குனிந்து பார்ப்பதும் குறைந்தது. அவருடைய திறன் 70 விழுக்காட்டுக்கு ஏறியது. மூத்தவர் மணிக்கு 56, இளையவர் 39 என இருவரும் சேர்ந்து 95 தரலாயினர். புதிய இயந்திரம் வாங்கப்படவில்லை. அட்டைக்கு ஆன செலவைச் செலவென்றே சொல்ல முடியாது.

இரண்டாவது மாற்றம் பண்டிலின் அளவு. 30 உருப்படிகளாக வந்த கட்டு 10 ஆக்கப்பட்டது. எந்த இயந்திரத்தின் முன்னும் இரண்டு பண்டிலுக்கு மேல் நிற்கக் கூடாது, நின்றால் முந்தைய ஆள் தைப்பதை நிறுத்த வேண்டும் என்று விதி வைக்கப்பட்டது. எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று நியாயமான எதிர்ப்பு: ஒரு பண்டிலைக் கட்டி அவிழ்க்க 20 வினாடி ஆகிறதென்றால், 30 உருப்படியில் அது உருப்படிக்கு ஒரு வினாடிக்கும் குறைவு, 10 உருப்படியில் இரண்டு வினாடி. துணிக்கயிற்றுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டுகள் வந்தபின் அந்த முறையீடு தணிந்தது. இன்னொன்று மேற்பார்வையாளர்களிடமிருந்து வந்தது: இயந்திரத்தின் முன் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சும்மா இருப்பவரைக் கண்டால் ஏதேனும் ஒரு பண்டிலைத் தூக்கிப் போடுவது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. கங்காணி காலத்துக் கண் அது. அந்தப் பழக்கத்தை விடவைப்பதற்கு ஆன காலம் மற்ற எல்லா மாற்றங்களுக்கும் ஆன காலத்தைவிட அதிகம்.

மூன்றாவது மாற்றமே கடினமானது. தனிநபர் ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டு, சோதனையில் தேறிய சட்டைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரிசை முழுவதற்கும் ஒரே ஊக்கத்தொகை என்றாயிற்று. தோள் இணைப்பு அம்மையாரின் ஊக்கத்தொகை முதல் மாதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வரிசையிலிருந்த இளம்பெண்கள் அவரை அக்கா என்றே அழைப்பவர்கள். அவர் முகம் சுண்டியதும் வரிசையே சுண்டியது. அவர் கேட்ட கேள்விக்கு நிர்வாகத்திடம் உடனடி விடை இல்லை: மெதுவாகத் தைப்பவளுக்கும் எனக்கும் ஒரே பணமென்றால், இத்தனை ஆண்டு பழகிய என் கைக்கு என்ன மதிப்பு? மூன்று வகை இயந்திரங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் திறன் காட்டுபவர்களுக்கு மாதாந்தரத் திறன் படி என்று பிறகு ஒன்று சேர்க்கப்பட்டது. அவருக்கு ஓவர்லாக், ஃபிளாட்லாக் ஆகிய இரு வகை இயந்திரங்களும் முன்பே தெரியும்; ஒற்றை ஊசி இயந்திரத்தையும் பழகிக்கொண்டதால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. முழுவதும் கிடைக்கவில்லை. வரிசை ஊக்கத்தொகையைப் பரிந்துரைப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் காட்டாமல் மறைப்பது வழக்கம். கைதேர்ந்தவரின் பையிலிருந்து எடுத்த பணம் எங்கிருந்து ஈடுகட்டப்படும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது என்பேன்.

பேருந்து

திறன் படிக்காக யார் யாருக்கு எந்த வேலை தெரியும் என்று ஒரு கட்டப் பட்டியல் தயாரிக்கப்பட்டது. அதில் பெயருக்கு அருகே எந்தப் பேருந்தில் வருகிறார் என்ற ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னவர் ஆள் வருகைப் பதிவைப் பார்க்கும் குமாஸ்தா. அந்தப் பத்தியை நிரப்பியபோதுதான் காலர் வைக்கும் இருவரும் பாலோ பேருந்தில் வருபவர்கள் என்பது கண்ணில் பட்டது. மழைக்காலத்தில் அந்தப் பேருந்து தாமதமாகும் நாள்களில் காலை முதல் மணியில் வரிசை ஏன் பாதியாகத் தைத்தது என்பதற்கு அதுவரை யாரும் காரணம் தேடவில்லை. எங்கும் கூடுதலாகக் குவியல் இருந்ததால் பின்வரிசைக்குத் தைக்க ஏதாவது கிடைத்துக்கொண்டிருந்தது, பாதிப்பு வெளியே தெரியவில்லை. குவியல் குறைந்ததும் தெரியத் தொடங்கியது. ஒரு வேலைக்கான மாற்று ஆள் வேறு பேருந்திலோ விடுதியிலோ இருக்க வேண்டும் என்பது அதன்பின் விதியாயிற்று. தைப்பூசம், தீபாவளி வாரங்களுக்கும், அதே போல் நேப்பாளத் தொழிலாளர்கள் தசாயின் பண்டிகை விடுப்பில் ஊர் போகும் காலத்துக்கும் இதே பட்டியல் உதவுகிறது.

கிடைத்ததும் கிடைக்காததும்

மாற்றங்கள் நிலைபெற்றபின் நாளொன்றுக்கு 700 சட்டையை ஒட்டி உற்பத்தி நின்றது. திறன் 60 விழுக்காட்டிலிருந்து 75 ஆயிற்று. வரிசைக்குள் கிடக்கும் உருப்படிகள் 420 அளவுக்கு இறங்கின. மணிக்கு 87.5 என்ற வேகத்தில் அது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தங்கல்; காலையில் புகுந்த துணி அன்று பிற்பகலிலேயே சோதனை மேசைக்குப் போகிறது. முன்பட்டிக்காக மட்டுமே வைக்கப்பட்டிருந்த அன்றாட மிகைநேரம் நின்றது. தாளில் உள்ள சமநிலைத் திறன் 91 விழுக்காடு என்கிறது. தரைக்கும் தாளுக்கும் இடைவெளி இன்னும் 16 விழுக்காடு இருக்கிறது. முன்பிருந்த 19க்கு அது பெரிய குறைவு அன்று. கூடிய உற்பத்தியின் பெரும்பங்கு தாளையும் தரையையும் சேர்த்து உயர்த்தியதால் வந்தது, இடைவெளியை மூடியதால் வந்தது குறைவே.

ஆர்டர் மாறும் நாள்களில் இந்த எண்கள் பொருந்தா. வரிசை புது மாதிரிக்குப் பழக இரண்டு நாள் ஆகிறது. ஆயிரத்துச் சொச்சம் உருப்படி கொண்ட ஆர்டரில் பழகி முடிக்கும்போது ஆர்டரும் முடிந்துவிடுகிறது. ஒரே மாதிரியான ஆர்டர்களை அடுத்தடுத்து வைப்பதைத் தவிர இதற்கு ஆலைக்குள் செய்யக்கூடியது அதிகமில்லை, அது விற்பனைப் பிரிவின் கையில் இருக்கிறது.

இப்போதைய அடைப்பு காலரில். 66 வினாடி வேலை, இருவர்; தாளில் ஆளுக்கு 33. இருவரும் 80 விழுக்காட்டுத் திறனில் இருப்பதால் சேர்ந்து மணிக்கு 87 தருகிறார்கள், 700 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. கை இணைப்பு 44 வினாடி, பக்கத் தையல் 48 வினாடி. இரண்டும் ஒரே வகை ஓவர்லாக் இயந்திரத்தில், ஒன்றையடுத்து ஒன்றாக நடப்பவை. இவற்றை நால்வர் செய்துவந்தார்கள். இரண்டையும் சேர்த்து 92 வினாடியை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 31 வினாடிதான் வருமென்பதால், நான்காமவரான விடுதித் தொழிலாளி ஒருவர் காலர் வேலைக்குப் பழக்கப்படுத்தப்படுகிறார். அவர் 75 விழுக்காட்டை எட்டியதும் அடைப்பு மறுபடி முன்பட்டிக்கே போகும். அங்குள்ள இருவரின் மணிக்கு 95 என்ற அளவு நாளுக்கு 760 சட்டைக்கு மேல் இடம் தராது. ஆகவே திட்டப் பிரிவு இனி 800 என்று எழுதுவதில்லை. காலருக்கு மூன்றாம் ஆள் தேறும்வரை 700, தேறியபின் 760 என்று ஆர்டர் ஏற்கும் படிவத்திலேயே திருத்தப்பட்டுள்ளது.